அந்த வரியைச் சொன்னவன்

மாட்டைச் சாய்ப்பதற்குப் பலம் வேண்டாம், இடம் தெரிந்தால் போதும் என்பார் கத்திக்காரர். இறைச்சிக் கூடத்தில் அவருக்கு அதுதான் வேலை, அதுதான் பெயரும். பிறந்தபோது வைத்த பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. மயங்கின மாட்டைப் பின்னங்காலில் சங்கிலி போட்டுத் தூக்கியதும் அவர் முன்னால் வருவார். கழுத்தும் நெஞ்சும் சேருகிற இடத்தை இடது கை விரலால் ஒரு தடவு தடவுவார். வலது கை உள்ளே போய் வெளியே வரும். வாளியைக் கவிழ்த்த மாதிரி ரத்தம் கொட்டும், அவர் மேல் ஒரு சொட்டுத் தெறிக்காது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சுவரோரம் போய் வாந்தி எடுப்பார்கள். அவர் அடுத்த மாட்டுக்காகக் கத்தியைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

இப்படிப்பட்டவருடைய மூத்த மகனை ஒருவன் இடமும் தெரியாமல் வித்தையும் தெரியாமல் ஜாக்கிக் கம்பியால் அடித்தே கொன்றான். கூடத்து வாசலில், எடை மேடைக்குப் பக்கத்தில், பட்டப்பகலில். மாடு ஏற்றி வந்த லாரியைப் பின்னால் எடுக்கும்போது பெரியவன் குறுக்கே நின்றானாம். அங்கே தொடங்கிய பேச்சு. டிரைவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பெரியவன் அவனைச் சட்டையைப் பிடித்து இறக்கி ஓர் அறை விட்டான், உதடு கிழிந்துவிட்டது. டிரைவர் வாயைத் துடைத்துப் பார்த்தான், கையில் ரத்தத்தைக் கண்டான், சீட்டுக்கு அடியிலிருந்து கம்பியை உருவினான். முதல் அடியிலேயே பெரியவன் விழுந்துவிட்டான். விழுந்தவனை மறுபடி மறுபடி அடித்ததுதான் கத்திக்காரருக்கு ஆறவே இல்லை. அவர் கத்தியும் கையுமாக ஓடி வந்தபோது மகனுக்கு முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. காதைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது.

ஆறு பேர் அவரைக் கட்டிப் பிடிக்காமல் இருந்திருந்தால் கணக்கு அன்றைக்கே முடிந்திருக்கும். பிடித்துவிட்டார்கள். டிரைவர் ஜெயிலுக்குப் போனான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கத்திக்காரர் வேதத்தைத் திறந்தார். வழக்கமாகக் குடும்ப ஜெபத்தில் ஆறுதலான பகுதி எதையாவது படிப்பார்கள். அன்றைக்கு ஆறுதலை யார் கேட்டார்கள். பைபிளின் முதல் ஆகமத்திலிருந்து தாள்களைப் புரட்டினார், அதிகம் புரட்ட வேண்டியிருக்கவில்லை. முதல் கொலை நடந்த அதிகாரத்திலேயே அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஒருவனுக்காக ஏழு பழி என்றால் இன்னொருவனுக்காக எழுபத்தேழு பழி என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைத்தான் படித்தார். மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. எழுபத்தேழுக்கு முன்னால் ஒரு பெயர் வந்தது. யாரோ ஒரு முற்பிதாவாக இருக்கும் என்று விட்டுவிட்டார். வாக்குத்தத்த வசனம் எதுவானாலும் உங்கள் பெயரைப் போட்டு வாசியுங்கள் என்று சபையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா, அதன்படியே அந்தப் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெரியவன் பெயரைப் போட்டு உரக்க வாசித்தார். பக்கத்தில் முழங்காலில் நின்ற சின்னவன் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

அன்று தொடங்கியது நிற்கவே இல்லை. ஒவ்வொரு மாலையும் ஜெபம் முடிகிற இடத்தில் அப்பாவும் மகனும் அந்த வரியைச் சேர்ந்து சொல்வார்கள். மாட்டின் மேல் அடையாளம் போடுகிற சிவப்புச் சாயத்தால் அதைக் கதவுக்கு மேலே எழுதியும் வைத்தார். அவர் மனைவி அந்த வரி வரும்போது மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஏங்க, கடவுள் இப்படியா பேசுவாரு?"

"புத்தகத்துல இருக்கா இல்லையா? நானா சொன்னேன்?"

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மூத்தவனை மண்ணுக்குக் கொடுத்தாயிற்று, இளையவனைக் கண்ணெதிரே ஒரு வரிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சொன்னால் எடுபடாது என்பதும் தெரிந்திருந்தது. சின்னவன் கூடத்திலேயே எலும்பு நீக்குகிற மேஜையில் வேலைக்குச் சேர்ந்தான். கத்தி பழகத்தான் சேர்ந்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "அவன் வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றான். ஜெயிலில் இருந்த டிரைவரைப் பற்றித்தான் அப்படிச் சொன்னான்.

இப்படிக் குடும்பத்தோடு பழிக்குக் காத்திருந்தவர் வேதப் பாட வகுப்புக்கு ஏன் போனார் என்று கேட்கலாம். அந்த வரிக்குத் துணை சேர்க்கப் போனார். ஒரு வரி போதாது, இன்னும் நாலு வரி கிடைத்தால் பலமாக இருக்கும் என்பது அவர் எண்ணம்.

வகுப்பை நடத்தியவர் கூடத்து மாட்டு டாக்டர். நாற்பதைத் தாண்டாத அம்மாள். வெட்டிய ஒவ்வொரு உடலையும் சோதித்து முத்திரை குத்துவது அவருடைய வேலை. வாரத்தில் ஒரு நாள் வேலை முடிந்ததும், உடை மாற்றுகிற அறையில், பெஞ்சுகளை எதிரெதிரே போட்டு உட்காருவார்கள். ரப்பர் பூட்ஸ் நாற்றமும் ப்ளீச்சிங் பவுடர் நாற்றமும் டீ வாசனையும் கலந்து கிடக்கிற அறை. ஏழெட்டுப் பேர். முதல் நாளே கத்திக்காரர் ஒரு வசனத்துக்கு அர்த்தம் சொல்ல வாயெடுத்தார், டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அண்ணே, அர்த்தம் அப்புறம். மொதல்ல என்ன இருக்குன்னு பாருங்க. வெறும் தொடைய மட்டும் கொண்டாந்து நீட்டி முத்திரை போடுங்கன்னா போடுவேனா நான்?"

"போட மாட்டீங்க."

"ஏன்?"

"தலையப் பாக்கணும், நுரையீரல் பாக்கணும், ஈரலப் பாக்கணும். தொடை பளபளன்னு இருக்கும், ஈரல்ல புழு இருக்கும்."

"வசனமும் அப்படித்தான். யாரு சொல்றா, யாருகிட்டச் சொல்றா, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, பின்னாடி என்ன நடந்துச்சு. இந்த நாலையும் பாக்காம நான் முத்திரை குத்த மாட்டேன். நீங்களும் குத்தாதீங்க."

குடல் கழுவுகிற அக்கா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். வாய்த் துடுக்குக்குப் பேர் போனவள். "அப்ப எங்க வீட்டு வசனக் காலண்டர்ல பாதிக்கு மேல செல்லாது போலிருக்கே டாக்டரம்மா" என்றாள்.

உண்மையிலேயே செல்லவில்லை. தொடக்கம் அற்பமானாலும் முடிவு பெரிதாக இருக்கும் என்று கடைக்குக் கடை மாட்டி வைத்திருக்கிறார்களே ஒரு வாக்கு, அதை எடுத்து ஒரு நாள் முழுக்க ஆராய்ந்தார்கள். பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருந்த ஒரு நல்ல மனிதனிடம், துக்கம் கேட்க வந்த நண்பன் சொன்னது அது. சொல்வதற்குச் சற்று முன்னால், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதனால்தான் செத்தார்கள் என்று அதே வாயால் சொல்லியிருக்கிறான். புத்தகத்தின் கடைசியில் கடவுளே அந்த நண்பர்கள் மேல் கோபப்படுகிறார். கத்திக்காரருக்கு அன்று உடம்பெல்லாம் எரிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் போய் இப்படிப் பேசினவனை என்ன செய்யலாம் என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனார். அந்த நாலு கேள்வி முறை அவருக்குப் பிடித்துப்போயிற்று. வேலை முடிந்ததும் கத்தியைத் தீட்டுகிற கல்லைப் போல அதைக் கையோடு வைத்துக்கொண்டார். பாஸ்டர் பிரசங்கத்தில் ஒரு வரியைத் தனியாக உருவினால், யாருகிட்டச் சொன்னது என்று பின் வரிசையிலிருந்து முணுமுணுப்பார். ஊரில் இருந்த எல்லா வசனத்தையும் சோதித்தார். தன் வீட்டுக் கதவுக்கு மேலே இருந்ததை மட்டும் சோதிக்கத் தோன்றவில்லை. சொந்த வீட்டுச் சரக்குக்கு யார் சோதனை போடுவார்கள்.

வருஷங்கள் கழித்து, தண்டனை முடிந்து டிரைவர் வெளியே வந்தான். பழைய முதலாளி அவனுக்கே ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொடுத்தார். மாட்டு லாரியோடு கூடத்துக்கு அவன் வரப்போகிற முதல் நாள் எது என்று வாசல் காவலாளியிடமிருந்து தெரிந்தது. வகுப்பு நடக்கிற நாள்.

யார் செய்வது என்று அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரு வாரம் வாக்குவாதம். கடைசியில் சின்னவன் சொன்னான்: "உங்களுக்கு மூச்சு வாங்குதுப்பா. அவன் ஓடினா உங்களால புடிக்க முடியாது. நீங்க வகுப்புல உக்காருங்க, நாலு பேரு கண்ணுல படுற மாதிரி." கத்திக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை, அந்த நேரத்தில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அன்று காலையில் தன்னுடைய ஒல்லிக் கத்தியை எடுத்துத் தானே தீட்டினார். கை முடியை மழித்துப் பார்த்தார், மழித்தது. துணியில் சுற்றி மகன் கையில் கொடுத்தார். இருவரும் கதவடியில் நின்று அந்த வரியைச் சொன்னார்கள். உள்ளே பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாலையில் வகுப்பு தொடங்கியபோது டாக்டரம்மா, மனப்பாடமாகத் தெரிந்த வசனம் ஒன்றை ஆளாளுக்குச் சொல்லச் சொன்னார். நாலு கேள்வியையும் அதில் போட்டுப் பார்க்க வேண்டும். வெளியே லாரி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மாடுகளை இறக்குகிற சத்தம் கேட்டது. இனி வண்டி பின்பக்கம் போகும், டிரைவர் குழாயைப் பிடித்துச் சாணியைக் கழுவுவான், அங்கே வேறு யாரும் இருக்க மாட்டார்கள். என்னுடையதைச் சொல்கிறேன் என்று கத்திக்காரரே முந்திக்கொண்டார். மகன் கை ஓங்குகிற நேரத்தில் அப்பன் வாயில் அந்த வார்த்தை இருக்கட்டும் என்று நினைத்தார்.

சொன்னார். டாக்டரம்மா பக்கத்தைப் புரட்டி எடுத்தார்.

"சரிண்ணே. யாரு சொல்றா?"

"கடவுள்தான்."

"அங்க பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தார். தன் வரிக்கு மேலே விரலை வைத்தார். இத்தனை வருஷத்தில் அந்த விரல் அங்கே போனதே இல்லை.

"ஒரு மனுஷன்."

"யாருகிட்ட?"

"அவன் பொண்டாட்டிங்ககிட்ட. ரெண்டு பேரு."

"ஐயே" என்றாள் குடல் கழுவுகிற அக்கா. "வீட்டுக்குள்ள உக்காந்து பொண்டாட்டிகிட்ட வீரம் பேசுறானா?"

"முன்னாடி என்ன நடந்துச்சு?" என்றார் டாக்டரம்மா.

கத்திக்காரர் வாசித்தார். வாய்க்குள்ளேயே வாசித்தார். பிறகு நிமிராமல் சொன்னார்:

"ஒரு வாலிபன் இவனக் காயப்படுத்திட்டான். அதுக்காக அவனக் கொன்னுட்டான். கொன்னுட்டு வந்து சொல்றான்."

"என்னன்னு?"

"என்மேல கை வச்சா எழுபத்தேழுன்னு."

"அந்த ஏழு மொதல்ல எங்க வருதுன்னு மேல பாருங்க. கடவுள் சொன்னது அதுதான். எதுக்குச் சொன்னாரு?"

"தம்பியக் கொன்னவன... யாரும் கொன்னுடக் கூடாதுன்னு சொன்னாரு."

"இந்த ஆளு அத எடுத்துத் தன் வசதிக்குப் பெருக்கிக்கிட்டான். இங்க கடவுள் ஏதாவது பேசுறாரா?"

அவர் வரி வரியாகத் தேடினார். மேலே தேடினார், கீழே தேடினார்.

"இல்ல. வாயே தொறக்கல."

குடல் கழுவுகிற அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அவளுக்கு மனதில் பட்டது வாயில் வந்துவிடும், மாற்றத் தெரியாது. "அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. சின்ன காயத்துக்கு ஒரு பையனக் கொன்னுட்டுப் பெருமை பேசுறான்னா, இது அந்த டிரைவர் பேசுற பேச்சுல்ல? உதடு கிழிஞ்சதுக்குத்தானே நம்ம பெரியவன அடிச்சான்? இதையா நீங்க மனப்பாடம் பண்ணி வச்சிருக்கீங்க?"

கத்திக்காரர் வரியில் இருந்த அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தார். பெரியவனுடைய பெயரைக் கொண்டுபோய் அந்த வரியில் போட்டோமே, யாருடைய இடத்தில் போட்டோம். அடிபட்டுச் செத்த அந்த வாலிபனுடைய இடத்தில் அல்ல. கொன்றவனுடைய இடத்தில். கம்பியோடு நின்றவன் பாடின பாட்டைத் தன் மகன் பெயரில், தன் வீட்டில், முழங்காலில் நின்று, மாலைக்கு மாலை பாடியிருக்கிறோம். பாடிப் பாடி இன்னொரு மகனை அவனைப் போலவே ஆக்கியிருக்கிறோம்.

"இந்த ஏழும் எழுபதும் இன்னொரு இடத்துலயும் வருதுண்ணே" என்று டாக்டரம்மா பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "எத்தனை தடவை மன்னிக்கணும், ஏழு தடவை போதுமான்னு சீஷன் ஒருத்தன் கேக்குறப்ப, ஏழு இல்ல, எழுபது ஏழு தடவைன்னு..."

அவர் நிமிர்ந்து பார்த்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. பூட்ஸைக்கூட மாட்டாமல் கத்திக்காரர் ஓடிப்போயிருந்தார்.

ஓடத் தெரியாத கால். மூச்சு வாங்குகிற நெஞ்சு. மகன் சொன்னது சரிதான். தோல் குவியலைத் தாண்டி, குளிர்ப்பெட்டி அறையைத் தாண்டி, பின்வாசலுக்கு வந்தபோது குழாய்த் தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டது. வேறு சத்தமும் கேட்டது. அவருக்கு அந்தச் சத்தம் தெரியும்.

டிரைவர் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து பாதி உட்கார்ந்திருந்தான். முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்த இரண்டு கையிலும் தோல் பிளந்து வெள்ளை தெரிந்தது. குழாய் தரையில் கிடந்து பாம்பாகத் துள்ளிக்கொண்டிருந்தது. சின்னவன் இடது கையில் சங்கிலிக் கையுறை போட்டிருந்தான், வேலையில் கத்தி படாமல் இருக்கப் போடுகிற அதே இரும்பு வலைக் கையுறை. அந்தக் கையாலேயே டிரைவருடைய தாடையைப் பிடித்து மேலே தூக்கினான். மாட்டுக்குச் செய்கிற மாதிரிதான், அப்பாவைப் பார்த்துப் பழகியது. டிரைவர் காலால் உதைத்தான். சின்னவன் சறுக்கினான். கழுத்துக்குப் போன கத்தி இறங்கித் தொடையின் உள்பக்கம் பாய்ந்தது. உருவினான். ரத்தம் கசியவில்லை, எகிறியது. விட்டு விட்டு, நெஞ்சு துடிக்கிற துடிப்புக்குச் சரியாக, சக்கரத்தின் மேல் அடித்தது.

"சின்னவனே" என்று கத்தினார்.

சின்னவன் மறுபடி கையை ஓங்கினான். கத்திக்காரர் போய் விழுந்தார். பிடியைப் பிடிக்க நேரமில்லை, அலகையே பிடித்தார். காலையில் அவரே தீட்டிய அலகு. உள்ளங்கையில் எலும்பு வரைக்கும் இறங்கியது. விடவில்லை.

"விடுங்கப்பா. இன்னும் முடியல."

"போதும்டா."

"எழுபத்தேழுன்னு நீங்கதானே சொன்னீங்க? கடவுள் சொன்னாருன்னு சொன்னீங்க."

"கடவுள் சொல்லல."

"என்ன?"

"கடவுள் சொல்லலடா. ஒரு கொலைகாரன் சொன்னது. இவன மாதிரி ஒருத்தன் சொன்னது. நான் மேல கீழ பாக்கல. பாக்காமலே உனக்குச் சொல்லிக் கொடுத்துட்டேன்."

சின்னவன் அப்பாவைப் பார்த்தான். அவர் அதுவரை கண்டதிலேயே கொடுமையான முகம் அதுதான், எடை மேடைப் பக்கத்தில் கண்டதைவிடக் கொடுமை. கத்தியின் பிடியை அவன் விட்டான். கத்தி அவர் கையிலேயே தொங்கி, பிறகு தண்ணீரில் விழுந்தது.

"அப்ப நான் இப்ப என்ன பண்ணிட்டேன்?" என்று கேட்டான்.

அதற்குப் பதில் சொல்கிற நேரம் அது இல்லை. ரத்தம் அந்த வேகத்தில் போனால் ஒரு மாடு எவ்வளவு நேரம் தாங்கும், ஒரு மனிதன் எவ்வளவு நேரம் தாங்குவான் என்று கத்திக்காரருக்குத் தெரியும். தொடை இடுப்போடு சேருகிற மடிப்பில் விரலால் ஒரு தடவு தடவினார். முப்பது வருஷமாக வெட்டுவதற்காகத் தேடிய விரல், அன்று அடைப்பதற்காகத் தேடியது. ரத்தக் குழாய் அகப்பட்டது. முஷ்டியை அதன் மேல் வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் இறக்கினார். எகிறல் நின்றது.

"உன் கையையும் வை. என் கைக்கு மேல. அமுக்கு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

சின்னவன் மண்டியிட்டு வைத்தான். வீட்டில் ஜெபத்துக்கு நிற்கிற மாதிரியே இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் இருந்தார்கள்.

டிரைவர் கண்ணைத் திறந்தான். யார் முகம் என்று தெரிந்துகொண்டான்.

"கைய எடுத்துடுங்க" என்றான். "உங்களுக்கு வேணுங்கறது இதுதானே. எடுத்துடுங்க."

எடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு விரல் இளகினால் போதும். இளக்க வேண்டும் என்று கத்திக்காரருக்கு உண்மையாகவே ஆசை வந்தது. அவர் அவனை மன்னிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்கும்போது பெரியவனுடைய காதுதான் ஞாபகம் வந்தது, பற்களைக் கடித்துக்கொண்டுதான் அமுக்கினார். ஆனால் முஷ்டிக்கு மேலே சின்னவனுடைய கை இருந்தது. இவன் செத்தால் அது கொலைகாரன் கை. அவருக்கு மிச்சம் இருந்தது அந்தக் கை ஒன்றுதான். இன்னும் கொஞ்சம் பாரத்தை இறக்கினார்.

"பேசாதடா" என்றார் டிரைவரிடம். "மூச்ச விடு. அது போதும்."

பின்னாலேயே ஓடி வந்திருந்த டாக்டரம்மா ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, குடல் கழுவுகிற அக்கா இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துண்டை வாங்கி மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டினார். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. வாழ்நாளில் அவள் பேசாமல் நின்றது அன்றுதான் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் ஆள் வந்து கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தான். துடிப்பு இருக்கு, பொழைச்சுக்குவான், கையை எடுக்கலாம் என்றான். கத்திக்காரருக்குக் கையை எடுக்கத் தெரியவில்லை. விரல் விரலாக அவர்கள்தான் பிரித்தார்கள்.

போலீஸ் ஜீப் வந்தபோது சின்னவன் ஓடவில்லை. தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து சங்கிலிக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் வயதானவர், ரத்தத்தில் கால் வைக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார்.

"குத்தினது யாரு?"

"நான்தான்."

"யாரு சொல்லிக் குத்தின? நீயா இதுக்குத் துணிஞ்சிருக்க மாட்ட. பின்னாடி யாரு?"

சின்னவன் அப்பாவைப் பார்க்கவே இல்லை. காட்டிக் கொடுத்துவிடக் கூடாது என்று தரையையே பார்த்தான்.

"யாரும் சொல்லல சார். வேதத்துல இருக்கு."

இன்ஸ்பெக்டர் சலித்துப்போய்த் தொப்பியைக் கழற்றினார். கத்திக்காரர் வந்து மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையிலிருந்து ரத்தம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி அன்றைக்குக் கேட்டதும் அதற்குத் தான் சொன்ன பதிலும் அவர் காதில் கேட்டன.

"இருக்கு சார், வேதத்துல இருக்கு" என்றார். "ஆனா சொன்னது நான். யாருகிட்டச் சொன்னேன்னா, இவன்கிட்ட. கத்தியும் நான் தீட்டிக் குடுத்ததுதான். முன்னாடி என்ன நடந்துச்சு, பின்னாடி என்ன நடந்துச்சுன்னு வரிசையாச் சொல்றேன். ஒண்ணு விடாம எழுதிக்கங்க."

"அப்பா, வேணாம்" என்றான் சின்னவன்.

கத்திக்காரர் நல்ல கையால் அவன் பிடரியைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்க அப்படித்தான் பிடிப்பார்.

"எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"எங்க பெரியவன அடக்கம் பண்ணிட்டு வீட்டுக்கு வந்தோம் சார்" என்று கத்திக்காரர் தொடங்கினார். "இவன் அழுதுக்கிட்டிருந்தான். அழ விட்டிருக்கணும்."